ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பவருக்கு நெஞ்சுவலி வந்தால்?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 43 வயது. பாலக்கோடு பக்கத்தில் கிராமம். சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்துத் தக்காளி லோடு ஓட்டுகிறேன். வண்டிக்கு இன்னும் தவணை முடியவில்லை. மனைவி நான்கு வருடமாக ஓசூரில் ஒரு கம்பெனிக்கு கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார், சம்பளம் 14,500. ஏழு மாதத்துக்கு முன்னால் விடியற்காலை லோடு ஏற்றும்போது எனக்கு நெஞ்சுவலி வந்தது. தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். 1,85,000 ரூபாய் ஆனது. நகையை அடகு வைத்தும் மகளிர் குழுவில் லோன் எடுத்தும் கட்டினோம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் போனால் வருமானம் வரம்புக்கு மேலே என்று சான்று தரவில்லை. மனைவியின் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் 'நாங்கதான் கார்டு கொடுத்தோம்' என்கிறார்கள். எங்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? எங்கள் ஊர் ஆசிரியர் ஒருவர், இன்சூரன்ஸே வேண்டாம், அந்தப் பணத்தை ஜி.எச்.சுக்குக் கொடுத்தாலே போதும் என்கிறார். அது சரியா? ஒரே ரேஷன் கார்டில் அம்மாவும் இருக்கிறார், பிரஷர் உண்டு. அண்ணன் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார், அவருக்கும் எந்த அட்டையும் இல்லை. செலவு தாங்காமல் க்ளோபிடோக்ரல் மாத்திரையை மட்டும் இரண்டு வாரமாக நிறுத்தியிருக்கிறேன்.
— பாலக்கோடு வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்:

தம்பிக்கு வணக்கம்.

அரசியல் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று, அதற்குத்தான் முதல் பதில். ஸ்டென்ட் வைத்த ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்துவிடாமல் காப்பது ஆஸ்பிரினும் நீங்கள் நிறுத்தியிருக்கிற அந்த மாத்திரையும்தான். மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களைப் பொதுவாக ஓராண்டாவது இரண்டையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்வோம். உங்களுக்கு ஏழு மாதம்தான் ஆகிறது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் வைத்த ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம், உயிருக்கே ஆபத்து. இதற்கு மேல் படிப்பதை நிறுத்திவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு பாலக்கோடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சுவலிக்காரர்களுக்கு முதல் வேளை மாத்திரை கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்த மருந்தை வைத்திருக்கிறார்கள், 2023ல் 'இதயம் காப்போம்' என்று தொடங்கிய திட்டம் அது. அரசு மருத்துவமனையில் மாத்திரைக்குக் காசு இல்லை. அட்டை கேட்க மாட்டார்கள், வருமானமும் கேட்க மாட்டார்கள். இரண்டு வாரம் சாப்பிடவில்லை என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்தச் சம்பளச் சீட்டு. வருமானம் எவ்வளவு என்று எனக்குக் காட்டுவதற்காக அனுப்பியிருக்கிறீர்கள். நான் பார்த்தது வேறொரு வரி. பிடித்தம் என்ற பகுதியில் பி.எஃப்.புக்குக் கீழே 'இ.எஸ்.ஐ. 109' என்று இருக்கிறது, தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிற பணம் அது. அதைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துப்போனது. 14,500 ரூபாயில் 0.75 சதவீதம் அந்த 109. கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் போட வேண்டும். நான்கு வருடமாக மாதாமாதம் உங்கள் வீட்டிலிருந்து மருத்துவத்துக்கென்று பணம் போயிருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் தொழிலாளிக்கு மட்டும்தான் வைத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், வருமானமில்லாத பெற்றோர் எல்லோரும் அதில் வருவார்கள். நெஞ்சுவலி வந்த அன்று நீங்கள் காப்பீடு உள்ள ஆள், தம்பி. அது உங்களுக்கும் தெரியவில்லை, சேர்த்துக்கொண்ட மருத்துவமனையில் யாரும் கேட்கவும் இல்லை.

உங்கள் மனைவியிடம் பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கான்ட்ராக்டரிடம் வாங்கச் சொல்லுங்கள். அவர் இழுத்தடித்தால் கம்பெனியின் மனிதவள அலுவலகத்திலேயே கேட்கலாம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கான இ.எஸ்.ஐ. பணத்தை அவர் கட்டாவிட்டால் சட்டப்படி அந்தக் கம்பெனிதான் முதல் பொறுப்பு. எண் கிடைத்ததும் குடும்பத்தார் பெயர்கள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் ஏற்றியிருக்க மாட்டார்கள், சேரும்போது யாரோ அவசரத்தில் படிவம் நிரப்பியிருப்பார்கள். ஆதாரைக் கொடுத்து உங்களையும் பிள்ளைகளையும் சேருங்கள். அப்புறம், கட்டிய 1,85,000 ரூபாய்க்கான பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள். அவசரத்தில் வெளி மருத்துவமனையில் சேர்ந்த செலவைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஏழு மாதம் ஏன் தாமதம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், கிடைத்தாலும் முழுத் தொகை வராது. ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

சரி, இப்போது உங்கள் பெரிய கேள்வி.

நான் முப்பது வருடத்துக்கு மேல் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் அரசு மருத்துவராக இருந்தவள். காப்பீட்டுத் திட்டம் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பது கண்ணில் நிற்கிறது. பர்கூர் பக்கம் கல்குவாரியில் வேலை செய்த ஒருவர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வருவார். ஆறு வயது, இதயத்தில் ஓட்டை. பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவாள், உதடு நீலமாகிவிடும். சென்னைக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் போகவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் வந்தார், மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். 'சென்னைக்குப் போனா அங்க யாரும்மா இருக்கா எங்களுக்கு' என்றார். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாய் வரை. அடுத்த வருடம் அந்தக் குழந்தை என் அறைக்கு நடந்து வந்தாள். சட்டையின் மேல் பொத்தானைத் தானே கழற்றி நெஞ்சில் இருந்த தையலைக் காட்டினாள். அதனால், இந்தத் திட்டங்களைப் பற்றி யாராவது வெறும் ஓட்டு வேலை என்று பேசினால் எனக்குக் கோபம் வரும். ஓட்டுக்காகவே கொடுத்திருக்கட்டும், அந்தப் பெண் இன்று உயிரோடு இருக்கிறாள்.

2011ல் ஆட்சி மாறியது. இந்த மாநிலத்தில் முந்தைய ஆட்சியின் திட்டம் என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இதைத் தூக்கியெறிய முடியவில்லை. 2012 ஜனவரியில் 'முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்' என்று வேறு பெயரில், இன்னும் பெரிதாக வந்தது. ஆண்டுக்கு ஒரு லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம் என்றார்கள். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் தொடங்கியபோது அதோடு இணைத்து ஆண்டுக்கு 5 லட்சம் வரை உயர்த்தினார்கள். 2021ல் மறுபடியும் ஆட்சி மாறியது, திட்டம் தொடர்ந்தது, பெயர்கூட மாறவில்லை. ஆக, 'நாங்கதான் கொடுத்தோம்' என்று இரண்டு பக்கமும் சொல்வதில் இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை உண்டு. ஜனங்கள் கையில் ஒரு தடவை வந்துவிட்ட அட்டையை எந்தக் கட்சியாலும் பிடுங்க முடியவில்லை.

பிடுங்க முடியாது. ஆனால் கையில் அட்டையே வராதவர்களுக்கு? அங்கேதான் நீங்கள் நிற்கிறீர்கள்.

இந்தத் திட்டத்தில் சேர முதலில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. மாதம் 6,000. கொத்தனார் கூலி, டீசல், தக்காளிப் பெட்டி வாடகை எல்லாம் ஏறிக்கொண்டே போன வருடங்களில் அந்த 72,000 மட்டும் நகரவே இல்லை. 2021 இறுதியில்தான் 1,20,000 ஆக்கினார்கள், அதாவது மாதம் 10,000. வீட்டில் ஒருவர் மேஸ்திரி வேலைக்கு மாதம் இருபது நாள் போனாலே இதைத் தாண்டிவிடுவார். ஆனாலும் பல மேஸ்திரிகளிடம் அட்டை இருக்கிறது, அது தப்பில்லை, இருக்கட்டும். அவர்கள் கூலி எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. உங்கள் மனைவியின் சம்பளம் தாளில் ஏறுகிறது, 1,74,000 என்று பளிச்சென்று தெரிகிறது. கணக்கில் வருகிற வருமானம்தான் இங்கே தண்டனை வாங்குகிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், வார்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காப்பீட்டு மேசை முன்னால் ஒரு தையல்காரர் நின்றிருந்தார். மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் 'அப்ரூவல் வந்துடுச்சா, அப்ரூவல் வந்துடுச்சா' என்று கேட்டுக்கொண்டிருக்க, இவர் கையில் இருந்த சான்றில் 1,44,000 என்று இருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'குறைச்சு எழுதிக் குடுக்கச் சொல்லட்டுமா டாக்டர்?' என்று கேட்டார். நேர்மையாகக் கடை வைத்துப் பிழைத்த மனிதர். பொய் சொல்லட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்கிறார். என்னால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாளுக்கு அரசு மருத்துவமனையிலேயே மருந்து ஏற்றினோம். ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்க வேண்டி வந்ததே, அது இன்னும் உறுத்துகிறது.

இந்த 1,20,000 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், இயற்கையில் எங்கும் எழுதி வைத்த எண் இல்லை அது. மகளிர் உரிமைத் தொகையை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம். பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தவர் என்று மத்திய அரசு 2019ல் இட ஒதுக்கீடு கொடுத்தபோது வரம்பு எட்டு லட்சம். ஒரே வீடு, ஒரே சம்பளம். மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குவதற்கு ஏழை, மாரடைப்புக்கு மட்டும் வசதியானவர். 70 வயது தாண்டியவர்களுக்கு வருமானமே பார்க்காமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் திட்டத்தை நீட்டியது. ஆக, யார் உள்ளே, யார் வெளியே என்பதை ஒவ்வொரு தடவையும் ஆட்கள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். நிதித்துறை ஒரு எண் சொல்லும், சுகாதாரத்துறை ஒரு எண் சொல்லும், யார் வந்து கேட்டார்கள் என்பதைப் பார்த்து நடுவில் ஒன்று நிற்கும்.

உங்களுக்காக யார் போய்க் கேட்டார்கள்? அரசு ஊழியருக்குச் சங்கம் இருக்கிறது, மாதச் சந்தாவில் அவர்களுக்குத் தனிக் காப்பீடு. பெரிய கம்பெனி நிரந்தரத் தொழிலாளிக்குக் குழுக் காப்பீடு. ஏழைக் குடும்பங்களுக்கு அட்டை கொடுத்தால் மேடை போட்டு, கையில் கொடுத்து, படம் எடுக்கலாம். நடுவில் இருப்பது குட்டியானை ஓட்டுகிறவர், பெட்டிக்கடைக்காரர், பியூட்டி பார்லர் வைத்திருக்கிற பெண், டியூஷன் எடுக்கிறவர். இவர்கள் ஒரே இடத்தில் கூடுவதே இல்லை. 2021ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை ஒன்று, இந்தியாவில் எந்த மருத்துவக் காப்பும் இல்லாமல் நடுவில் விடுபட்டவர்கள் குறைந்தது 30 சதவீதம் பேர், சுமார் 40 கோடி பேர் என்று கணக்குச் சொன்னது. அத்தனை பேர் இருந்தும் ஒரு ஊர்வலம்கூட நடந்ததாக நான் பார்த்ததில்லை. உடம்பு சரியில்லாதபோது யாரும் ஊர்வலம் போக முடியாது, சரியானதும் கடனை அடைக்க ஓடிவிடுகிறார்கள்.

வரம்பை எடுத்தால் அரசுக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். இதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன், காரணத்தைச் சொல்கிறேன். தொப்பூர் கணவாய் உங்களுக்குத் தெரியும், எத்தனை தடவை லோடோடு இறங்கியிருப்பீர்கள். அங்கே லாரி கவிழ்ந்து அடிபட்டுக் கிடப்பவரிடம் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் உண்டு. தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். ஏழையா பணக்காரரா, தமிழ்நாடா பீகாரா, காப்பீட்டு அட்டை உண்டா இல்லையா, எதுவும் கேள்வி இல்லை. இதே அரசுதான், இதே மருத்துவமனைகள்தான். அப்படியென்றால் முடியும் என்று அர்த்தம். வண்டி கவிழ்ந்து நெஞ்சில் அடிபட்டவருக்குச் செய்ய முடிந்ததை, வண்டியில் லோடு ஏற்றும்போது நெஞ்சு அடைத்தவருக்கு ஏன் செய்யக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி அது.

வரம்பை அடியோடு எடுக்காவிட்டாலும், பணம் கட்டிச் சேர வழி கொடுக்கலாம். ராஜஸ்தானில் 2021 மே மாதம் சிரஞ்சீவி என்று ஒரு திட்டம் வந்தது. ஏழைகளுக்கு இலவசம். அந்தப் பட்டியலில் இல்லாத குடும்பம் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டினால் அதே காப்பீடு. உங்கள் வண்டிக்குக் கட்டுகிற இன்சூரன்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அண்ணன் வேலை செய்கிற கர்நாடகாவில் வேறு மாதிரி. வறுமைக்கோட்டுக்கு மேலே இருக்கிற குடும்பத்துக்கு, சிகிச்சைக்கு அரசு வைத்திருக்கிற கட்டணத்தில் 30 சதவீதத்தை அரசு கொடுக்கிறது, மீதியை நோயாளி கட்ட வேண்டும். மேகாலயாவில் அரசு ஊழியர்களைத் தவிர எல்லாக் குடும்பங்களுமே உள்ளே. தமிழ்நாடு பொது சுகாதாரத்தில் இவர்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்த மாநிலம். 850 ரூபாய் கட்டுகிறேன் என்று ஒருவர் வந்தால் வாங்கிக்கொள்ள நம்மிடம் ஒரு ஜன்னல் இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதே ராஜஸ்தானில் 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது தனியார் டாக்டர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவசரத்தில் வருபவருக்கு முன்பணம் கேட்காமல் பார்க்க வேண்டும் என்றால், எங்களுக்கு யார் எப்போது பணம் தருவார்கள் என்பது அவர்கள் கேள்வி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அரசு கொடுக்கிற கட்டணம் குறைவு, வருவதும் தாமதம். அதன் விளைவு நோயாளி தலையில் விடிகிறது. என்னுடைய நோயாளி ஒருவர் அட்டையோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனபோது 'கார்டு ஆபரேஷனுக்கு மட்டும், மத்ததுக்கு நாற்பதாயிரம் கட்டுங்க' என்றார்கள். நான் போனில் சண்டை போட்ட பிறகு விட்டார்கள். எல்லா நோயாளிக்கும் சண்டை போட ஒரு ஆள் இருக்காது. அட்டை உள்ளவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இப்படிக் கேட்டால் 1800 425 3993 என்ற காப்பீட்டுத் திட்ட எண்ணுக்கு அங்கே நின்றுகொண்டே பேசுங்கள்.

நமக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். பணக்கார நாடான அமெரிக்காவில் 2010ல் ஒபாமா சட்டம் கொண்டுவந்து, ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டை இன்னும் கொஞ்சம் மேலே இருப்பவர்களுக்கும் நீட்டச் சொன்னார். 2012ல் அங்கே உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் விரும்பினால் செய்யலாம் என்று சொல்லிவிட்டது. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே கொடுக்கும் என்ற பிறகும் டெக்சாஸ், ஃப்ளோரிடா உட்படப் பத்து மாநிலங்கள் இன்னும் சேரவில்லை. அந்த மாநிலங்களில் ஒரு கூட்டம் இருக்கிறது. மெடிகெய்ட் வாங்க அவர்கள் வருமானம் அதிகம், தனியார் காப்பீட்டுக்கு அரசு மானியம் வாங்க அதே வருமானம் போதாது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். 2017ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்யப் பார்த்தபோது செனட்டில் 49க்கு 51 என்று தோற்றது. கொடுத்ததைத் திருப்பி எடுப்பது அங்கேயும் கஷ்டம்.

உங்கள் ஊர் ஆசிரியர் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி. தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2008ல், கிருஷ்ணகிரிக்கு வந்தது 2022ல். அதுவரை பெரிய வியாதி என்றால் சேலம், இல்லையென்றால் பெங்களூர். பக்கத்தில் வைத்தியமே இல்லாதபோது அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காப்பீடு படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பேச ஆரம்பிக்கும். தினமும் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையை, சுகர் மாத்திரையை அது பார்க்காது. ஆனால் மாரடைப்பை வரவிடாமல் காப்பது அந்த மாத்திரைகள்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது சென்னையில் அல்ல, நம்ம சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில். வீட்டு வாசலுக்கு வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், அதற்கும் வருமான வரம்பு கிடையாது. என்னைக் கேட்டால் காப்பீட்டு அட்டையைவிட இது பெரிய காரியம். 43 வயதில் உங்களுக்கு மாரடைப்பு வந்திருக்கிறதே, அதற்கு முன்னால் எப்போதாவது பிரஷர் பார்த்துக்கொண்டீர்களா?

ஆனால் ஆசிரியரோடு ஒரு இடத்தில் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஜி.எச். நன்றாகும்வரை காத்திரு என்று அன்று விடியற்காலையில் உங்களிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. மனைவி எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே ஓடினார், நானும் அதைத்தான் செய்திருப்பேன். நாட்டில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போவது 2013–14ல் 64 சதவீதமாக இருந்தது, 2021–22ல் 39 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது என்று அரசுக் கணக்கு சொல்கிறது. அந்த 39ல்தான் உங்கள் மனைவியின் நகை இருக்கிறது. அரசு மருத்துவமனைக்கும் பணம் வேண்டும், இடையில் விழுகிறவர்களுக்கு வலையும் வேண்டும். சுகாதாரத்துக்கு அரசுகள் செய்யும் செலவை நாட்டு வருமானத்தில் இரண்டரை சதவீதம் ஆக்குவோம் என்று 2017 தேசியக் கொள்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். அதைச் செய்தால் ஆசிரியரும் நீங்களும் சண்டை போட வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் உங்கள் ஊரில் அட்டை கிடைக்காத குடும்பங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர், என்ன தொழில், கடைசியாக ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கட்டினார்கள், அதற்கு எங்கே கடன் வாங்கினார்கள். இவ்வளவு போதும். மண்டியில் உங்களோடு லோடு ஏற்றுகிற வண்டிக்காரர்களையே கேளுங்கள், ஒரே வாரத்தில் நோட்டு நிரம்பிவிடும். தீர்மானத்தில் இரண்டு கோரிக்கை மட்டும் வையுங்கள்: காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பை மகளிர் உரிமைத் தொகைக்கு இருப்பது போல் இரண்டரை லட்சமாக்க வேண்டும், அதற்கு மேல் உள்ளவர்கள் பணம் கட்டிச் சேர வழி செய்ய வேண்டும். ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இன்னொரு நகல் உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள், எந்தக் கட்சி என்று பார்க்காதீர்கள். ஒரு ஊர் கேட்டால் நடக்காது என்பது எனக்கும் தெரியும். பாலக்கோடு, காரிமங்கலம், ராயக்கோட்டை மண்டிகளுக்கு வருகிற வண்டிகளை எண்ணிப் பாருங்கள்.

தனியார் காப்பீடு எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, யாராவது ஏஜென்ட் வந்து கேட்பார். 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அது நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே உள்ள வியாதிக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்க அவர்களுக்கு அனுமதி உண்டு. ஸ்டென்ட் வைத்ததை மறைத்து பாலிசி எடுக்காதீர்கள், பணம் கேட்கும்போது அதைச் சொல்லியே தள்ளிவிடுவார்கள். கடன் அடைகிறவரை உங்களுக்கு இ.எஸ்.ஐ.யும் அரசு மருத்துவமனையும் போதும்.

அம்மாவுக்கு: ஊருக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளரிடம் பெயர் பதிந்தால் மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கு வரும். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் பெண் தொழிலாளியின் மாமனார், மாமியாரும் குடும்பம் என்ற சொல்லுக்குள் வருகிறார்கள். இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகும்போது அதையும் கேட்டுவிடுங்கள்.

அண்ணனுக்கு: 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருந்து, கடந்த ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் கர்நாடகக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியலாம். வெளி மாநிலத்துக்காரர் என்பது தடையில்லை. மேஸ்திரியிடமோ என்ஜினியரிடமோ வேலை செய்ததற்கான சான்று வாங்கச் சொல்லுங்கள். அவருக்கு ஊரில் தனி ரேஷன் கார்டு இருந்து, வருமானம் வரம்புக்குள் இருந்தால் தர்மபுரி ஆட்சியர் அலுவலகத்தில் நம் காப்பீட்டு அட்டைக்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் எல்லா அட்டையும் எல்லை தாண்டிச் செல்லாது. பெங்களூரில் சேர்வதற்கு முன்னால் அங்கே எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும்.

மாத்திரை வாங்கியதும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். இ.எஸ்.ஐ. எண் கிடைத்தால் அதற்கும் ஒரு வரி.